திண்ணை முதல் திரை வரை: பள்ளி வீட்டோடு பேசிய வரலாறு

நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் பலவற்றிற்கு இன்று இணையதளம் என ஒன்று இருக்கிறது. கைப்பேசியில் பள்ளியின் பெயரைத் தட்டினால் கட்டடத்தின் படமும், தாளாளரின் செய்தியும், சேர்க்கைக்கான அழைப்பும் திரையில் விரிகின்றன. ஆயினும், நாளை பள்ளி உண்டா, பருவத்தேர்வு எந்நாளில் தொடங்குகிறது, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இறுதி நாள் எது, பிள்ளை கணக்கில் பின்தங்கினால் யாரைக் காண வேண்டும் என்னும் எளிய வினாக்களுக்கு அங்கே விடை தேடும் தாய் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார். செலவழித்து அமைத்த வாசல் ஒன்று, வீட்டாருக்கு மட்டும் திறவாமல் நிற்பது ஏன்?

இவ்வினாவுக்குக் கணினி அறிவைக் காட்டிலும் வரலாற்று அறிவே பொருத்தமான விடை தருகிறது என்பது நம் கருத்து. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான பேச்சு இணையத்தோடு பிறந்ததன்று. அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கால வரலாறு நம் கண்முன் இருக்கிறது. சாயர்புரமும் அதனைச் சூழ்ந்த தூத்துக்குடிக் கடற்கரையும் அவ்வரலாற்றில் சிறப்பான இடம் பெற்றவை. ஜமாஅத் அங்கத்தினர்கள் அதனை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, இனிச் செய்ய வேண்டியதைத் தெளிவுபடுத்தும் என நம்புகிறோம்.

திண்ணையில் நடந்த பள்ளி

ஆங்கிலேயர் ஆட்சி நம் நாட்டில் வேரூன்றிய காலத்தில் கல்வி திண்ணைகளிலேயே நடந்தது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்கள் அனைவரிடமிருந்தும் பள்ளிகளைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெற்றார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 கல்வி நிலையங்களும், அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மாகாணத்தின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம்.

அப்பள்ளிகளின் குறைகள் பல. பெண் குழந்தைகளுக்கு அங்கே இடம் மிக அரிது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கோ கதவு அடைக்கப்பட்டே இருந்தது. பிரம்படி மிகுதி. இவற்றை மறைத்து அக்காலத்தைப் பொற்காலம் எனப் பாடுவது முறையன்று. எனினும் ஒரு செய்தியை மட்டும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். ஆசிரியரின் பிழைப்பு பெற்றோரின் கையில் இருந்தது. நெல்லாகவும் காசாகவும் அவர்கள் கொடுத்ததே அவருடைய ஊதியம். ஆகவே பிள்ளை என்ன கற்றான் என்பதைப் பெற்றோருக்குக் காட்டுவது அவருக்கு அன்றாடக் கடமையாயிற்று. மணலில் விரலால் எழுதிய எழுத்தையும், உரக்கச் சொன்ன வாய்பாட்டையும் தெருவில் போவோர் அனைவரும் கண்டனர், கேட்டனர். நவராத்திரி நாள்களில் ஆசிரியர் மாணவரை வீடு வீடாக அழைத்துச் சென்று, கற்ற பாடல்களைப் பாடச் செய்து, பெற்றோர் தரும் அன்பளிப்பைப் பெறும் வழக்கமும் இருந்தது. இன்றைய பள்ளி ஆண்டு விழாவும் மதிப்பெண் அறிக்கையும் கட்டண வசூலும் ஒன்றாய்ச் சேர்ந்தது போன்ற நிகழ்ச்சி அது.

மூத்த மாணவன் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் திண்ணைப் பள்ளியின் முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியில் அதனைக் கையாண்டு, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவிற்று. சட்டாம்பிள்ளை முறை கடல் கடந்து சென்றது. ஆனால் பெற்றோருக்கு ஆசிரியர் நேரே விடை சொல்லும் உறவு கப்பலேறவில்லை. இங்கும் அது மெல்ல மெல்ல மங்கலாயிற்று.

சாயர்புரத்தின் கல்விச்சாலை

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமுவேல் சாயர் என்னும் வணிகர் புதிதாகக் கிறித்தவம் தழுவிய மக்கள் குடியேறுவதற்காக நிலம் வாங்கித் தந்தமையால் நம் ஊர் சாயர்புரம் எனப் பெயர் பெற்றது. 1839-இல் சென்னை வந்திறங்கிய ஜி.யு. போப் 1842-இல் இங்கு வந்து கல்விச்சாலை ஒன்றை நிறுவி நடத்தினார். பிற்காலத்தில் 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற அறிஞர் இவரே. தமிழோடு இலத்தீனும் கிரேக்கமும் பனங்காட்டின் நடுவே கற்பிக்கப்பட்டன. அவர் பெயரால் இங்குப் பள்ளியும், 1962-இல் தொடங்கப்பட்ட கல்லூரியும் இன்றும் நிலைத்திருக்கின்றன.

போப்பையர் மாணவருக்காகத் தமிழ் இலக்கணத்தை வினாவிடை வடிவில் எழுதினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கற்பவன் மனத்தில் எழும் வினாவை முதலில் வைத்து, அதற்குச் சுருக்கமான விடையை அடுத்து வைப்பது அம்முறை. இணையதளத்தைப் பற்றிப் பேசும்போது இம்முறைக்கு மீண்டும் வருவோம்.

சபைப் பள்ளிகள் நம் வட்டாரத்திற்குச் செய்த தொண்டு அளவிடற்கரியது. திண்ணைப் பள்ளி ஒதுக்கி வைத்த மக்களுக்கும், பெண்களுக்கும் அவை கதவைத் திறந்தன. ஆயினும் அவற்றோடு புதியதொரு நிலைமையும் தோன்றிற்று. இப்பள்ளிகளுக்குப் பணம் வந்தது இலண்டனிலிருந்து. ஆகவே மாணவர் எத்தனை பேர், எவ்வளவு கற்றனர் என்னும் அறிக்கையும் இலண்டனுக்கே சென்றது. 1854-ஆம் ஆண்டின் சார்லஸ் உட் அறிக்கைக்குப் பின், அரசு மானியம் பெறும் பள்ளிகளை ஆய்வாளர்கள் வந்து பார்வையிட்டனர். அதன்பின் வருகைப் பதிவேடும் ஆய்வுக் குறிப்பும் சென்னைக்குச் சென்றன.

இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. பணம் தருபவருக்குக் கணக்குக் காட்டுவது உலக இயல்பு. ஆனால் பள்ளியின் முகம் மேல்நோக்கித் திரும்பியது இக்காலத்தில்தான் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தனக்கு மேலுள்ளவருக்குப் பள்ளி விரிவாக எழுதிற்று. தன்னைச் சூழ்ந்துள்ள வீடுகளுக்கு அது எழுதியது மிகக் குறைவு.

வீடு படித்த எழுத்து

பள்ளி வீட்டோடு பேசாத அக்காலத்தில், வீடு எழுத்தறிவற்று இருந்தது என எண்ணிவிடக் கூடாது. நம் கரையில் காயல்பட்டணத்திலும், வடக்கே கீழக்கரையிலும், இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் தமிழை அரபு எழுத்துகளில் எழுதும் அரபுத் தமிழ் வழங்கிவந்தது. ஓதக் கற்ற பெண்களுக்கு அரபு எழுத்துத் தெரியும். தமிழ் அவர்களின் தாய்மொழி. இரண்டையும் இணைத்தபோது, பள்ளிக்கூட வாசலை மிதியாத தாயும் கடல் கடந்து வாணிபம் செய்யும் கணவருக்குக் கடிதம் எழுதவும், அவர் எழுதியதைப் படிக்கவும் வழி பிறந்தது.

காயல்பட்டணத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) மார்க்கச் சட்டங்களை அரபுத் தமிழில் எழுதினார்கள். அரபி மொழியில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்தும், வீட்டிலிருப்போர் படிக்கத்தக்க எழுத்தையே அந்நூல்களுக்குத் தேர்ந்தார்கள்.

கடலுக்கு அப்பால், கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர் எம்.சி. சித்தி லெப்பை அவர்கள் (1838–1898) இதே வழியைக் கல்விக்குப் பயன்படுத்தினார்கள். இலங்கை முஸ்லிம்கள் தம் பிள்ளைகளைப் புதிய பள்ளிகளுக்கு அனுப்பத் தயங்கிய காலம் அது. 1882-இல் அவர்கள் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார்கள். தமிழும் அரபுத் தமிழும் அதில் இடம்பெற்றன. பெற்றோரின் ஐயங்களுக்கு விடை கூறியும், பெண் கல்வியின் தேவையை எடுத்துரைத்தும் அவ்விதழ் ஆண்டுக்கணக்கில் பேசிற்று. அதன்பின்னரே 1891-இல் கண்டியில் பெண்களுக்கான பள்ளியும், 1892-இல் கொழும்பில், பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியும் தோன்றின. இவ்வரிசை கருதத்தக்கது. முதலில் வீட்டோடு பேச்சு, அடுத்துப் பள்ளி. வீட்டார் படிக்கும் எழுத்தில், வீட்டார் கேட்கும் வினாவுக்கு விடை கிடைத்தபோதுதான் பிள்ளைகள் வந்தார்கள்.

கையெழுத்தும் கைநாட்டும்

20-ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நின்ற ஒரே தாள், நாம் ரேங்க் கார்டு என அழைத்த மதிப்பெண் அட்டை. பிள்ளை அதனைக் கொண்டுவருவான். தந்தை கையெழுத்திடுவார். தந்தை கொழும்பிலோ இரங்கூனிலோ பிற்காலத்தில் துபாயிலோ இருந்தால், தாய் கைநாட்டு வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அதனைப் படித்துச் சொல்பவனும் அந்தப் பிள்ளையே. யாரைப் பற்றிய அறிக்கையோ அவனே அதற்குத் தூதனும் மொழிபெயர்ப்பாளனும் ஆனான். அட்டையில் இருந்த சிவப்பு மை எத்தனை வீடுகளில் நற்செய்தியாய் மாறியிருக்கும் என்பதை நம்மவர் நன்கு அறிவர்.

இந்நிலையில் பெருமாற்றம் ஒன்று காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் நிகழ்ந்தது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் பள்ளியின் தேவைகளை நேரே ஊர் மக்களின் முன் வைத்தார்கள். 1956-இல் எட்டயபுரம் வட்டாரத்தில் மக்களின் நன்கொடையோடு பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. 1958 முதல் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. கூரையா, பெஞ்சா, கரும்பலகையா, கடிகாரமா, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையா என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. மக்கள் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். எட்டயபுரம் இன்று நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கிறது. ‘எங்கள் பள்ளிக்கு இது தேவை’ என ஊருக்குத் தெளிவாகச் சொன்ன பள்ளிகளை ஊர் கைவிடவில்லை என்பதே அம்மாநாடுகள் தரும் பாடம்.

பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் இவ்வழியில் வளர்ந்தன. அவற்றின் பெயரால் வெளிவந்த வினா வங்கிப் புத்தகங்களைப் பத்தாம் வகுப்பு எழுதியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் பல ஊர்களில் கழகக் கூட்டம் ஆண்டுக்கு ஓரிரு முறை கூடி, நன்றியுரையோடு கலையும் சடங்காய்க் குறுகிப் போயிற்று.

எண்ணைத் தட்டினால் விடை

1995 ஆகஸ்டு 15-இல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சிற்றூர்களிலும் பிரவுசிங் சென்டர்கள் தோன்றின. அதுவரை பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளுக்காக மாலைப் பத்திரிகை வந்திறங்கும் பேருந்து நிலையத்தில் கூட்டம் காத்துக் கிடக்கும். பொடி எழுத்தில் அச்சான தேர்வு எண்களுள் தன் பிள்ளையின் எண்ணைத் தேடும் தந்தையின் கை நடுங்கும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்முடிவுகள் அரசின் இணையதளத்தில் வெளிவரலாயின. தேர்வு எண்ணைத் தட்டினால் பாடவாரியாக மதிப்பெண்ணே திரையில் வந்தது. 2017-இல் மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிப்பு கைவிடப்பட்டது. பதிவு செய்த கைப்பேசிக்கே மதிப்பெண் குறுஞ்செய்தியாய் வந்து சேர்ந்தது.

கல்வி தொடர்பான இணையப் பக்கங்களுள் தமிழகத்துப் பெற்றோர் முதன்முதலாகப் பெருந்திரளாய்ப் பயன்படுத்தியது இத்தேர்வு முடிவுப் பக்கமே எனலாம். அதில் அழகு இல்லை. அசையும் படங்கள் இல்லை. ஆனால் பெற்றோர் கேட்ட ஒரே வினாவுக்கு, அவர் வேண்டிய நாளில், பிழையற்ற விடை இருந்தது. ஆகவே அதனைத் தேடி ஊரே வந்தது. இணையதளம் மக்களை ஈர்ப்பது எதனால் என்னும் வினாவுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டியதில்லை.

எழுத்துருச் சிக்கல்

மொழியின் சிக்கல் மட்டும் நீடித்தது. 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்கள் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார்கள். 1997-இல் அங்கேயே தமிழ் இணைய மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடும் நடந்தன. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் எனப்பட்ட எழுத்துக் குறியீட்டு முறைகளும் அரசின் ஏற்பைப் பெற்றன. எனினும் ஒருவர் ஒரு எழுத்துருவில் ஆக்கிய பக்கம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தெரிந்தது. இத்தொல்லைக்கு அஞ்சியே பலர் ஆங்கிலத்தில் மட்டும் தளம் அமைத்தனர். 2010 ஜூன் திங்களில் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடு எனப்படும் ஒருங்குறி முறையைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. இன்று மிக மலிவான கைப்பேசியிலும் தமிழ் தடையின்றித் தெரிகிறது. ஆங்கிலம் மட்டுமே போதும் என்பதற்குக் கூறப்பட்ட காரணம் அன்றோடு தீர்ந்துவிட்டது. பழக்கம்தான் தீரவில்லை.

இடைப்பட்ட காலத்தில் காயல்பட்டணத்தார் ஒரு வழி கண்டனர். ஊரின் பெயராலேயே அமைந்த இணையதளத்தில் உள்ளூர்ச் செய்தியும், பள்ளிகளின் தேர்வு முடிவும், இறப்புச் செய்தியும், நகர்மன்ற நடப்பும் வெளிவந்தன. சவூதியிலும் அமீரகத்திலும் ஹாங்காங்கிலும் பணியாற்றிய தந்தையர், ஊர்ப் பள்ளிகளின் செய்தியை அயல்நாட்டிலிருந்தே அறிந்தனர். மரைக்காயர் காலத்துக் கடிதம் செய்த பணியை இத்தளம் புதிய வடிவில் செய்தது. தந்தை தொலைவில் இருந்தாலும் பிள்ளையின் கல்வியில் அவருக்குப் பங்கு உண்டு என்பதை அது மெய்ப்பித்தது.

சட்டம் வந்தது, முகம் திரும்பவில்லை

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என அது விதித்தது. 2022-இல் தமிழகம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. தனியார் பள்ளிகளின் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009-இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றிற்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள், இணைப்புப் பெற்ற பள்ளி ஒவ்வொன்றும் இணையதளம் வைத்து, ஆசிரியர், மாணவர், கட்டட வசதி ஆகியவற்றின் விவரங்களை வெளியிட வேண்டும் என ஆணையிட்டன.

இவை யாவும் நன்மைக்கே. எனினும் மேலிடத்தின் ஆணைக்காக மட்டும் அமைக்கப்படும் தளம், சார்லஸ் உட் காலத்து ஆய்வுப் பதிவேட்டின் மறுபிறப்பாகவே அமைகிறது. வாரியம் கேட்ட சான்றிதழ்கள் அதில் வரிசையாய் இருக்கும். புதிதாகச் சேர வருவோரைக் கவரும் படங்களும் இருக்கும். ஏற்கெனவே பிள்ளையைச் சேர்த்துவிட்ட பெற்றோருக்கு அங்கே அலுவல் ஒன்றும் இராது. பள்ளியின் முகம் இன்னும் மேல்நோக்கியும் வெளிநோக்கியும் இருக்கிறதே அன்றி, வீட்டை நோக்கித் திரும்பவில்லை என்பதே நம் முறையீடு.

2020 மார்ச்சில் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் மீண்டும் திறந்தன. அந்த நீண்ட இடைவெளியில் வாட்ஸ்அப் குழுக்களே பள்ளியாய் இருந்தன. அப்பழக்கம் இன்றும் தொடர்கிறது. குழுச் செய்தி விரைவானது. ஆனால் காலை வாழ்த்துகளுக்கும் நன்றிக் குறிகளுக்கும் நடுவே தேர்வு அட்டவணை புதைந்து போகிறது. விடியுமுன் உப்பளத்துக்குப் புறப்பட்டு நண்பகலில் வீடு திரும்பும் தாய், நூறு செய்திகளைப் புரட்டி ஒன்றைக் கண்டெடுப்பது எவ்வாறு? குழு கூவி அழைக்கும் குரல் என்றால், இணையதளம் எப்போது வந்தாலும் அதே இடத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகை. இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்ய இயலாது.

பெற்றோருக்குப் பயன்படும் தளம்

இதுவரை கண்ட வரலாற்றிலிருந்து, பள்ளித் தளம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குச் சில நெறிகளை வகுக்கலாம்.

முதலாவது, வினாவிடை முறை. போப்பையர் இலக்கணத்துக்குக் கையாண்ட வழியே இதற்கும் உகந்தது. அலுவலகத்துக்குப் பெற்றோர் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளை ஒரு மாதம் குறித்து வைத்தால், தளத்தின் முதற்பக்கம் தானே உருவாகிவிடும். விடுமுறை நாள்கள், தேர்வு அட்டவணை, பேருந்து நேரம், சீருடையும் புத்தகமும் வாங்கும் இடம், கட்டண விவரம், மாற்றுச் சான்றிதழ் பெறும் முறை, எதற்கு யாரை எந்நேரத்தில் காண்பது என்பவை முன்னால் வர வேண்டும். தாளாளரின் செய்தி பின்னால் இருக்கலாம்.

இரண்டாவது, வீட்டார் படிக்கும் மொழி. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் காட்டிய வழி இது. ஆங்கில வழிப் பள்ளியானாலும் பெற்றோருக்கான பக்கம் தமிழில் இருத்தல் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் எழுத்தறிவு ஏறத்தாழ 86 விழுக்காடு. எஞ்சியோரும் பெற்றோரே. முக்கியமான அறிவிப்பை ஆசிரியர் ஒரு நிமிடம் வாசித்து ஒலிப்பதிவாகச் சேர்த்துவிட்டால், அவர்களும் பிள்ளையின் தயவின்றி அறிந்துகொள்வர். சுற்றறிக்கையைப் படம் பிடித்து ஒட்டுவதை விட எழுத்தாகவே இடுவது நலம். சிறு திரையில் படம் மங்கும், தேடினாலும் அகப்படாது. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் செயலிகளுக்கும் எழுத்தே எளிது.

மூன்றாவது, நாள் தவறாமை. கல்வி உதவித்தொகை பெற விரும்புவோர் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிப்பதோடு, பள்ளியும் அதனைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். சிறுபான்மை மாணவருக்கான பத்தாம் வகுப்புக்கு முந்தைய உதவித்தொகை, 2022-இல் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு நிறுத்தப்பட்டு, 9, 10 வகுப்புகளுக்கு மட்டும் என ஆக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்கள் உரிய நாளில் வீட்டுக்குத் தெரியாவிட்டால் அலைச்சலும் இழப்பும் ஏழைக் குடும்பத்துக்கே. தளத்தில் ஒவ்வொரு அறிவிப்பின் கீழும் அது இடப்பட்ட தேதி இருக்க வேண்டும். காலம் கடந்த அறிவிப்பு நீக்கப்பட வேண்டும். சென்ற ஆண்டின் அட்டவணையை ஒருமுறை கண்டு ஏமாந்த தாய் மறுமுறை அப்பக்கம் வரமாட்டார்.

நான்காவது, பிள்ளைகளின் உழைப்பைக் காட்டுவது. வீடு வீடாகச் சென்று பாடிய திண்ணைப் பள்ளி மாணவரை மீண்டும் எண்ணிப் பாருங்கள். பெற்றோரை ஈர்ப்பது மின்னும் எழுத்துகள் அல்ல, தம் பிள்ளை எழுதிய கட்டுரையும், அவன் வகுப்பு செய்த அறிவியல் மாதிரியும், அவள் வரைந்த தூத்துக்குடித் துறைமுகமும்தான். வாரம் ஒரு வகுப்பு என முறை வைத்து இட்டாலே, கடல் கடந்த தந்தை ஒவ்வொரு வாரமும் திறந்து பார்ப்பார். பள்ளிக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலையும் சீரமைப்பு மாநாட்டு முறையில் அங்கே வைக்கலாம். பழைய மாணவர் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஐந்தாவது, காப்பு. எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டுவது நன்றன்று. மதிப்பெண்ணும் வருகைக் குறைவும் கட்டண நிலுவையும் உரிய பெற்றோர் மட்டும் கடவுச்சொல்லிட்டுக் காணத்தக்கவை. குழந்தைகளின், சிறப்பாகப் பெண் பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் இசைவின்றி வெளியிடலாகாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவை வலியுறுத்துகிறது.

ஆறாவது, கேட்கும் செவி. பள்ளி மட்டுமே பேசி, பெற்றோர் கேட்டுக் கொண்டிருப்பது உரையாடல் ஆகாது. ஐயத்தை எழுதியனுப்ப ஓர் இடமும், இத்தனை நாளுக்குள் விடை வரும் என்னும் உறுதியும் தளத்தில் இருக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. பொறுப்பான ஆசிரியர் ஒருவரும், அவருக்கென ஒதுக்கிய வாரத்துக்கு இரண்டு மணி நேரமும் போதும். பொருட்செலவில் அமைத்துப் பின் எவரும் திரும்பிப் பாராத தளத்தைக் காட்டிலும், நான்கே பக்கங்கள் கொண்டு நாள் தவறாமல் புதுப்பிக்கப்படும் தளம் மேலானது.

நாம் செய்ய வேண்டியது

தளத்தை அமைப்பது பள்ளியின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. ஜமாஅத் அங்கத்தினர்களுள் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் இடம் பெற்றிருப்போர், அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்து வைக்க வேண்டுகிறோம். குறை கூறும் முறையில் அல்லாமல், பெற்றோர் அறிய விரும்பும் பத்து வினாக்களை எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது சாலச் சிறந்தது. கணினி கற்ற நம் இளைஞர்கள் ஆசிரியருக்குத் துணை நிற்க முன்வர வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி, ஒரு பள்ளிக்குப் பேருதவி புரிய இயலும். கைப்பேசியில் பள்ளித் தளத்தைத் திறந்து பார்க்க நம் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுப்பதும், அறிவிப்புகளை ஜமாஅத் பலகையில் எழுதி வைப்பதும் நம்மால் இயலாத செயல்கள் அல்ல.

கடிதம் ஒன்று கொழும்புத் துறையிலிருந்து காயல் வந்து சேரப் பல நாள்கள் ஆன காலத்திலும், நம் தாய்மார்கள் தமக்குத் தெரிந்த எழுத்தைக் கொண்டு தொலைவை வென்றார்கள். இன்று நொடியில் செய்தி சேர்க்கும் கருவி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதன் வழியே பள்ளி நம்மிடம் நம் மொழியில் பேசவும், நாம் கூறுவதைக் கேட்கவும் செய்வோமாயின், பிள்ளைகளின் கல்வியில் வீட்டுக்குரிய பங்கு மீண்டும் வீட்டுக்கே கிட்டும்.